ரஷ்யாவுக்குப் படிக்கச் செல்பவர்களுக்கு: விண்ணப்பத்திலிருந்து முதற்குளிர்காலம் வரை

ரஷ்யாவில் கல்வியாண்டு செப்டம்பர் 1 அன்று தொடங்குகிறது. அந்த நாளில் வகுப்பில் உட்கார வேண்டுமானால் அதற்கான வேலைகளை முந்தைய ஆண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட வேண்டும். தேர்வு முடிவுகள் வந்த பிறகு அவசரமாக ஓர் ஏஜென்டைப் பிடித்து, ஆகஸ்டில் விசாவுக்கு அலைந்து, அக்டோபரிலோ நவம்பரிலோ போய்ச் சேரும் மாணவர்கள் தமிழ்நாட்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். ரஷ்ய எழுத்துகளும் உடற்கூற்றியலின் அடிப்படையும் சொல்லித் தரப்படும் முதல் இரண்டு மாதங்களை அவர்கள் இழந்துவிடுகிறார்கள்; அந்த இழப்பை ஈடுகட்ட அடுத்த இரண்டு பருவங்கள் போதுவதில்லை. எனவே நாள்காட்டியை முதலில் சரிசெய்துகொண்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது.

எந்த வழியாகச் செல்வது

ரஷ்யப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டவர் சேருவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கட்டணம் செலுத்தி ஒப்பந்த அடிப்படையில் படிப்பது. மற்றொன்று, ரஷ்ய அரசின் கல்வி உதவி ஒதுக்கீட்டில் படிப்பது. இந்த ஒதுக்கீட்டில் உலகம் முழுவதற்குமாக ஆண்டுக்கு 30,000 இடங்கள் உள்ளன. 2023 முதல் இந்த எண்ணிக்கை நடைமுறையில் இருக்கிறது. கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியாகும், விடுதியில் இடம் கிடைக்கும், மாதந்தோறும் ஒரு சிறு உதவித்தொகையும் உண்டு. அந்தத் தொகை கைச்செலவுக்குக்கூடப் போதாது என்பதையும், விமானப் பயணத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் மாணவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. விண்ணப்பம் 'எஜுகேஷன் இன் ரஷ்யா' என்ற அரசு இணையதளத்தின் வழியாகப் பெறப்படுகிறது. பெரும்பாலும் முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே அது திறந்துவிடும். இந்தியாவில் தேர்வு நடைமுறையை ரஷ்ய அரசின் பண்பாட்டு மையங்களான ரஷ்ய இல்லங்கள் கவனிக்கின்றன. சென்னையில் அது ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கிறது. முதுகலைக்கும் ஆராய்ச்சிப் படிப்புக்கும் போக நினைப்பவர்கள் 'ஓபன் டோர்ஸ்' என்ற இணையவழிப் போட்டித் தேர்வையும் எழுதிப் பார்க்கலாம். அதில் வென்றவர்களுக்கும் கட்டணமில்லாத இடம் கிடைக்கிறது.

ஒதுக்கீட்டில் கிடைக்கும் படிப்பு பெரும்பாலும் ரஷ்ய மொழியில்தான் நடக்கும். மொழி தெரியாதவர்கள் முதலில் ஓராண்டு ஆயத்தப் பிரிவில் படிக்க வேண்டும். மாணவர் பேச்சில் இதன் பெயர் 'பொட்ஃபாக்'. இங்கே ரஷ்ய மொழியோடு, சேரப்போகும் துறைக்கு ஏற்ப இயற்பியல், கணிதம், உயிரியல் போன்ற பாடங்களும் ரஷ்ய மொழியிலேயே கற்பிக்கப்படுகின்றன. ஓராண்டு வீணாகிறதே என்று பெற்றோர் தயங்குவது இயல்பு. ஆனால் என் கணிப்பில், ரஷ்யாவில் செலவிடும் ஆண்டுகளிலேயே மிகவும் பயன் தருவது இந்த ஆண்டுதான். இதை முடித்துவிட்டு இளங்கலைக்குள் நுழைபவர் ரஷ்ய மாணவர்களுடன் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, அவர்களுக்குக் கிடைக்கும் அதே ஆசிரியரிடமும் அதே ஆய்வகத்திலும் படிக்க முடியும். பொறியியல், இயற்பியல், அணுவியல், விண்வெளித் துறைகளுக்குப் போகிறவர்களுக்கு இது மிகப் பெரிய வேறுபாடு.

பட்டங்களின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். இளங்கலை 4 ஆண்டுகள், முதுகலை 2 ஆண்டுகள். இவற்றுக்கு இணையாக 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற 5 முதல் 6 ஆண்டுப் பட்டமும் உண்டு. மருத்துவம் இந்த வகையைச் சேர்ந்தது.

மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு மட்டும்

தமிழ்நாட்டிலிருந்து ரஷ்யா செல்வோரில் மிகப் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ரஷ்யப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்வது வேறு, அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்ய முடிவது வேறு. இரண்டாவதை முடிவு செய்வது இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம். அது 2021 நவம்பரில் வெளியிட்ட வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் உரிம ஒழுங்குமுறையை ஏஜென்டின் வாய்மொழியாகக் கேட்காமல் நீங்களே ஒரு முறை முழுமையாகப் படித்துவிடுங்கள், சில பக்கங்கள்தான்.

அதன் சாரம் இது. நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும்; அதன் பின் 12 மாதப் பயிற்சியையும் அதே வெளிநாட்டு நிறுவனத்திலேயே முடித்திருக்க வேண்டும். பயிற்று மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். படிக்கும் நாட்டின் குடிமகனுக்கு எந்த உரிமத்தை அந்தப் பட்டம் பெற்றுத் தருகிறதோ அதற்கு இணையான உரிமத்துக்கு நீங்களும் தகுதி பெற்றிருக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு தகுதித் தேர்வில் வெற்றி பெற்று, இந்தியாவில் மேலும் 12 மாதங்கள் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி செய்ய வேண்டும். இப்போது நடைமுறையில் உள்ள எஃப்.எம்.ஜி.இ. தேர்வு 300 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. 150 பெற்றால்தான் தேர்ச்சி. எழுதுபவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே ஒவ்வொரு முறையும் தேறுகிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு முதலாண்டிலிருந்தே இந்தியப் பாடநூல்களையும் உடன் படித்துவர வேண்டும்.

இந்த விதிகளிலிருந்து சில கேள்விகள் பிறக்கின்றன. அவற்றுக்கு எழுத்துப்பூர்வமான விடையைப் பல்கலைக்கழகத்திடமிருந்தே பெறுங்கள். முதலாவது, ஆறு ஆண்டுகளும் ஆங்கிலத்தில் நடக்குமா என்பது. பல இடங்களில் முதல் மூன்று ஆண்டுகள் ஆங்கிலத்தில் நடத்திவிட்டு, மருத்துவமனை வகுப்புகள் தொடங்கும்போது ரஷ்ய மொழிக்கு மாற்றிவிடுகிறார்கள். 'இருமொழிப் பயிற்சி' என்று விளம்பரத் தாளில் அழகாகப் போட்டிருப்பதன் பொருள் இதுதான். இரண்டாவது, 12 மாதப் பயிற்சியை எந்த வடிவில் தருகிறார்கள், அதற்கு எத்தகைய சான்றிதழ் வழங்குகிறார்கள் என்பது. மூன்றாவது, நீங்கள் சேரும் பாடப்பிரிவின் குறியீட்டு எண் என்ன என்பது. பொது மருத்துவத்துக்கான ரஷ்ய அரசுக் குறியீடு 31.05.01; ஒப்பந்தத்தில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் உரிமமும் அங்கீகாரமும் நடப்பில் உள்ளனவா என்பதை ரஷ்யக் கல்வி மேற்பார்வைத் துறையான ரோசோப்ர்நத்ஸோரின் பொதுப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். பாதியில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணத்தை இந்திய விதி ஏற்பதில்லை. ஆகையால் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம்.

பயிற்று மொழி ஆங்கிலமாக இருந்தாலும் ரஷ்ய மொழி தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்றாம் ஆண்டில் நோயாளியின் படுக்கையருகே நிற்கும்போது அவர் உங்களிடம் ஆங்கிலத்தில் பேசப் போவதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, மூச்சு வாங்குகிறதா என்று கேட்கத் தெரியாத மாணவர், ஆறாண்டு முடிவில் நூல் அறிவோடு மட்டும் திரும்புகிறார். போதாக்குறைக்கு, ரஷ்யாவில் மருத்துவராகப் பணியாற்றும் தகுதியைத் தரும் 'முதனிலை அங்கீகாரத் தேர்வு' ரஷ்ய மொழியில்தான் நடக்கிறது. இணையான உரிமத் தகுதி என்ற இந்திய விதியோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் மொழியின் முக்கியத்துவம் விளங்கும்.

இலங்கை மாணவர்கள் இதே கேள்விகளை இலங்கை மருத்துவப் பேரவையின் விதிகளோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டும்; பேரவை ஏற்றுக்கொண்ட நிறுவனமா என்பதையும் திரும்பிய பின் எழுத வேண்டிய ஈ.ஆர்.பி.எம். தேர்வையும் முன்கூட்டியே பார்த்துவைப்பது கட்டாயம்.

ஏஜென்ட் வழியாகச் செல்வதில் தவறில்லை; எல்லாரும் தனியாகச் சமாளிக்க முடியாது. ஆனால் ஒப்பந்தம் உங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருக்க வேண்டும், கட்டணம் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், ஏஜென்டின் சேவைக் கட்டணத்துக்குத் தனி ரசீது வேண்டும். மூலச் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் மாதக்கணக்கில் தன்னிடம் வைத்துக்கொள்ளும் எந்த நிறுவனத்திடமிருந்தும் விலகிவிடுங்கள்.

ஆவணங்கள்: பெயரில் தொடங்கும் சிக்கல்

தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரை விரித்து மற்றொரு பெயர், ஆதாரில் வேறொரு எழுத்துக்கூட்டு என்று இருப்பது நம்மிடையே சாதாரணம். ரஷ்ய நிர்வாகமோ குடும்பப் பெயர், சொந்தப் பெயர், தந்தைவழிப் பெயர் என்ற மூன்று கட்டங்களுக்குள் மனிதரை அடக்கப் பழகியது. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டோடு போனால் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிடுவது நல்லது.

அடுத்து, உங்கள் பெயர் ரஷ்ய எழுத்தில் முதன்முதலாக எழுதப்படும் இடம் அழைப்புக் கடிதமும் விசாவும். அதில் உள்ள எழுத்துக்கூட்டே பின்னர் மொழிபெயர்ப்புகள், பதிவுச் சீட்டு, மாணவர் அட்டை, கடைசியில் பட்டச் சான்றிதழ் வரை அப்படியே தொடர வேண்டும். குறிப்பாகப் பெயரில் ழகரம் உள்ளவர்கள் கவனமாக இருங்கள்: ஆங்கிலத்தில் இரண்டெழுத்தாக எழுதப்படும் ழகரத்தை ரஷ்ய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஓரெழுத்தாகவும் மற்றொருவர் வேறெழுத்தாகவும் மாற்றிவிடுவார், எழில் ஓர் ஆவணத்தில் ஒருவராகவும் அடுத்ததில் வேறொருவராகவும் ஆகிவிடுவார். மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் விசாவின் நகலைக் கொடுத்து, இதே எழுத்துக்கூட்டில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களுக்கு மாநில அரசின் சான்றொப்பம் பெற்று, பிறகு வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான 'அப்போஸ்டில்' முத்திரையை வெளியுறவு அமைச்சகத்திடம் பெற வேண்டும். பிறப்புச் சான்றிதழையும் இதே வரிசையில் சேர்த்துவிடுங்கள். இவற்றின் ரஷ்ய மொழிபெயர்ப்பை அங்கே போய் நோட்டரி சான்றோடு செய்துகொள்வது எளிது. சேர்க்கையின்போது மூலச் சான்றிதழைப் பல்கலைக்கழகம் வாங்கி வைத்துக்கொள்வது உண்டு என்பதால், சான்றளித்த நகல்கள் பலவும் மின்னஞ்சலில் ஸ்கேன் பிரதிகளும் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவருக்கு எச்.ஐ.வி. தொற்று இல்லை என்ற மருத்துவச் சான்றிதழ் விசாவுக்கே தேவை.

விசா

மாணவர் விசாவுக்கு அடிப்படை, ரஷ்ய உள்துறை அமைச்சகத்தின் அழைப்புக் கடிதம். அதைப் பல்கலைக்கழகம்தான் விண்ணப்பித்துப் பெற்றுத் தர வேண்டும். அது வந்து சேரப் பல வாரங்கள் ஆகும். கடிதம் வந்தவுடன் அதில் பெயர், பிறந்த நாள், பாஸ்போர்ட் எண் மூன்றையும் எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பிழை இருந்தால் திருத்திய கடிதத்துக்கு மறுபடியும் அதே வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு உரியது சென்னை சாந்தோமில் உள்ள ரஷ்யத் துணைத் தூதரகம்.

முதலில் தரப்படும் விசா பொதுவாக ஒரே ஒரு முறை நுழைவதற்கு உரியது. 90 நாள் வரை செல்லும். அங்கே போன பிறகு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவு அதைப் பலமுறை சென்றுவரும் நீண்டகால விசாவாக மாற்றித் தரும். அந்த மாற்றம் நடக்கும் முன் அக்கா கல்யாணம் என்று ஊருக்கு வந்துவிட்டால், திரும்பிப் போகப் புதிய அழைப்புக் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் முதல் இந்தியர்களுக்கு மின்விசா கிடைக்கிறது. அது சுற்றுலாவுக்கும் உறவினரைப் பார்க்கவும் உரியது, படிப்பதற்கு உரியதல்ல. 'முதலில் மின்விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்பவரை நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது

2022 மார்ச் முதல் வெளிநாட்டு வங்கிகள் வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. விமான நிலையத்தில் இறங்கி ஏ.டி.எம்.மில் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. முதல் சில மாதங்களுக்கு வேண்டிய பணத்தை டாலராகவோ யூரோவாகவோ ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டும். வெளிநாட்டுப் பயணிகள் நோட்டாக எடுத்துச் செல்லும் தொகைக்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் ரஷ்யாவுக்கும் அதன் அண்டை நாடுகள் சிலவற்றுக்கும் அதில் விலக்கு உண்டு. அங்கே செல்பவர் தாம் பெறும் அந்நியச் செலாவணி முழுவதையும் நோட்டாகவே வாங்கிக்கொள்ளலாம். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ரசீதோடு வாங்குங்கள். 10,000 டாலருக்கு மேல் கையில் இருந்தால் ரஷ்யச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். கசங்கிய, பேனாக் கிறுக்கல் உள்ள, ஓரம் கிழிந்த நோட்டுகளை ரஷ்ய வங்கிகள் திருப்பித் தந்துவிடும். ஒவ்வொரு நோட்டையும் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். மாற்றுவதற்கு வங்கிக் கிளைக்கே போங்கள், தெருவில் நல்ல விலை தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

அங்கே இருப்பிடப் பதிவு முடிந்ததும் ரஷ்ய வங்கி ஒன்றில் கணக்குத் தொடங்கி, ரஷ்யாவின் சொந்த வங்கி அட்டையான 'மீர்' வாங்கிக்கொண்டால் மெட்ரோவிலிருந்து மளிகைக் கடை வரை எல்லாம் எளிதாகிவிடும். வீட்டிலிருந்து பணம் அனுப்பும் வழிகள் தடைகளின் காரணமாக அடிக்கடி மாறுகின்றன. ஒரே ஒரு வழியை மட்டும் நம்பியிருக்காமல், அடுத்த பருவக் கட்டணத்துக்கான ஏற்பாட்டை இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது

குளிர்காலக் கோட்டையும் காலணியையும் சென்னையில் வாங்காதீர்கள். இங்கே குளிருக்கென்று விற்கப்படுவது ஊட்டிக்குப் போதும், கசானுக்குப் போதாது. உள்ளே அணியும் தெர்மல் உடை இரண்டு செட், ஒரு ஸ்வெட்டர், கம்பளிக் காலுறைகள் ஆகியவற்றோடு போய், செப்டம்பர் இறுதிக்குள் அங்கே உள்ள கடையில் கோட்டும், பனிக்கட்டியில் வழுக்காத அடிப்பாகம் கொண்ட காலணியும் வாங்குங்கள். மருத்துவ மாணவர்கள் குறைந்தது மூன்று வெள்ளைக் கோட்டுகள் எடுத்துக்கொள்வது நல்லது.

மருந்துகளில் எச்சரிக்கை தேவை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால், தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை போன்றவற்றில் சில ரஷ்யாவின் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வருகின்றன. உங்களுக்கு அவை உண்மையிலேயே தேவையென்றால் மருத்துவரின் சீட்டையும் அதன் ரஷ்ய மொழிபெயர்ப்பையும் உடன் வைத்திருங்கள். தேவையில்லையென்றால் வீட்டு மருந்துப் பெட்டியை அப்படியே கவிழ்த்துக்கொண்டு போகாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்று யாராவது தரும் ஒட்டிய பொட்டலத்தையும் வாங்காதீர்கள்.

புளி, சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, ஒரு சிறு குக்கர் போதும். விடுதிச் சமையலறையில் பொதுவாக மின்சார அடுப்புதான் இருக்கும். அடிப்பாகம் தட்டையான பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்று இறங்கியதும்

சென்னையிலிருந்து மாஸ்கோ செல்பவர்கள் பெரும்பாலும் வளைகுடா நகரங்கள் வழியாகப் போகிறார்கள். தில்லியிலிருந்து நேரடி விமானம் உண்டு. மாஸ்கோவில் ஷெரெமெத்யெவோ, தொமொதேதவோ, வ்னூக்கவோ, ஜுக்கோவ்ஸ்கி என நான்கு விமான நிலையங்கள் உள்ளன. ஒன்றில் இறங்கி வேறொன்றில் அடுத்த விமானம் ஏற வேண்டிய டிக்கெட்டை வாங்கிவிடாதீர்கள். டிரோன் தாக்குதல் அச்சத்தால் விமான நிலையங்களைச் சில மணி நேரம் மூடுவது இப்போது அடிக்கடி நடப்பதால், இணைப்பு விமானங்களுக்கிடையே தாராளமாக நேரம் விடுங்கள்.

குடிவரவுச் சோதனையில் ஒரு சிறு தாள் தருவார்கள்: குடிபெயர்வு அட்டை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இந்தத் தாள் பாஸ்போர்ட்டுக்கு அடுத்த மதிப்புள்ளது. அதில் வருகையின் நோக்கம் படிப்பு என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். சுற்றுலா என்று விழுந்துவிட்டால் பதிவும் விசா நீட்டிப்பும் சிக்கலாகிவிடும். உடனே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே பாஸ்போர்ட், விசா, அட்டை ஆகியவற்றின் நகல்களோடு வெளிநாட்டு மாணவர் பிரிவுக்குச் செல்லுங்கள். சட்டப்படி 7 வேலை நாளுக்குள் இருப்பிடப் பதிவு நடந்திருக்க வேண்டும். பதிவு செய்வது விடுதியின் பொறுப்பென்றாலும் தாள்களைத் தாமதமாகக் கொடுத்தால் அபராதம் உங்களையும் தொடும். பதிவுச் சீட்டு கைக்கு வந்ததும் அதிலுள்ள முகவரியும் பெயரும் சரியா என்று பாருங்கள். நண்பர்களோடு தனி வீடு எடுக்க விரும்புபவர்கள், உங்கள் பெயரில் பதிவு செய்து தர வீட்டு உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்று கேட்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

90 நாளுக்கு மேல் தங்குபவர்களுக்குக் கைரேகைப் பதிவும் மருத்துவப் பரிசோதனையும் 2021 இறுதியிலிருந்து கட்டாயமாக உள்ளன. எவ்வளவு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற வரம்பு மாறக்கூடியதால் முதல் மாதத்திலேயே இரண்டையும் முடித்துவிடுங்கள். மருத்துவக் காப்பீட்டையும் அப்போதே வாங்க வேண்டியிருக்கும்.

சிம் அட்டை வாங்குவது முன்பு போல ஐந்து நிமிட வேலையல்ல. 2025 முதல் வெளிநாட்டவர் நிறுவனத்தின் கடைக்கு நேரில் சென்று, ஸ்னில்ஸ் என்னும் காப்பீட்டு எண்ணோடும் உயிரியல் அடையாளப் பதிவோடும் சிம் வாங்க வேண்டும். எனவே முதல் சில நாள்களுக்கு விடுதியின் வைஃபையை நம்பியிருக்க நேரலாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். பேச்சு வராத இரண்டு நாளில் அம்மா பதறிப்போவதை இது தவிர்க்கும். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் 2022லிருந்து முடக்கப்பட்டுள்ளன. வாட்ஸ்அப், டெலிகிராம் அழைப்புகளுக்கு 2025 ஆகஸ்ட் முதல் கட்டுப்பாடு உண்டு. வீட்டாருடன் பேசும் மாற்று வழி ஒன்றைப் புறப்படும் முன்பே பழகிக்கொள்ளுங்கள். வழிகாட்டும் வரைபடத்துக்கு யாண்டெக்ஸ் செயலியையும் 2ஜிஸ் செயலியையும் ஊரிலேயே இறக்கி வையுங்கள்.

வகுப்பறையின் வழக்கங்கள்

வகுப்புகள் 'பாரா' என்ற அலகில் நடக்கின்றன. ஒரு பாரா என்பது 90 நிமிடம். கட்டடத்துக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றிக் கீழேயுள்ள உடை அறையில் கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். கோட்டோடு உள்ளே வருவதை ஆசிரியர்கள் மரியாதைக் குறைவாகக் கருதுகிறார்கள். மருத்துவமனை வகுப்புகளுக்கு வெள்ளைக் கோட்டோடு காலணியின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறையும் வேண்டும்.

ஆசிரியரை அழைக்கும் முறை நமக்குப் புதிது. சார், மேடம் எல்லாம் அங்கே கிடையாது. அவருடைய சொந்தப் பெயரையும் தந்தைவழிப் பெயரையும் சேர்த்துச் சொல்லி, மரியாதைப் பன்மையில் பேச வேண்டும். முதல் வகுப்பிலேயே இந்த இரண்டு பெயர்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்வதை வழக்கமாக்குங்கள்.

தவறவிட்ட வகுப்பை நம்மூரில் போல வருகைச் சதவீதத்தில் கரைத்துவிட முடியாது. மருத்துவப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு தவறிய செய்முறை வகுப்பையும், ஆசிரியர் குறிக்கும் நாளில் போய்ப் பாடத்தை ஒப்பித்து ஈடுசெய்ய வேண்டும். இதை 'ஒத்ரபோத்கா' என்பார்கள். ஐந்தாறு சேர்ந்துவிட்டால் பருவத் தேர்வு எழுதவே அனுமதி கிடைக்காது. தேர்வுப் பருவம் ஜனவரியிலும் ஜூனிலும் வரும். சில பாடங்களுக்குத் தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் சொல்லும் 'ஸச்சோட்'. மற்றவற்றுக்கு 5, 4, 3, 2 என்ற மதிப்பெண். 5 மிகச் சிறப்பு, 3 தேர்ச்சியின் விளிம்பு, 2 தோல்வி. பல தேர்வுகள் வாய்மொழியாகவே நடக்கின்றன. ஒரு சீட்டை உருவி, அதிலுள்ள கேள்விகளுக்குச் சற்று நேரம் குறிப்பெடுத்துக்கொண்டு, ஆசிரியரின் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். எழுதிக் குவித்துப் பழகிய நம் மாணவர்கள் முதல் ஜனவரியில் திணறுவது இங்கேதான். நண்பர்களோடு உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் பழக்கத்தை அக்டோபரிலேயே தொடங்கிவிடுங்கள். தேர்வுப் பாக்கிகள் தீராவிட்டால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கம் என்றால் விசாவும் அதோடு முடிந்தது என்று பொருள்.

குளிரும் சாப்பாடும்

குளிரைப் பற்றி ஊரில் பயமுறுத்தும் அளவுக்கு அது கொடுமையானதல்ல. கட்டடங்கள் எல்லாம் மையச் சூடேற்றம் கொண்டவை. உள்ளே சட்டையோடு இருக்கலாம். ஜனவரியில் மாஸ்கோ சராசரியாகப் பூஜ்ஜியத்துக்குக் கீழே 6, 7 டிகிரி அளவில் இருக்கும். சைபீரியாவின் தோம்ஸ்க் அதைவிட மிகவும் குளிரானது. உண்மையில் சிரமம் தருவன இரண்டு. ஒன்று, அக்டோபரில் சூடேற்றம் தொடங்கும் முன் வரும் ஈரமான சில வாரங்கள். மற்றொன்று, வெளிச்சமின்மை. டிசம்பரின் மிகக் குறுகிய நாள்களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பகல் ஆறு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. மனச்சோர்வு வந்தால் அதைச் சோம்பல் என்று நினைத்துப் போர்வைக்குள் சுருளாமல், பகலில் கிடைக்கும் வெளிச்சத்தில் நடந்துவிட்டு, மருத்துவரிடம் வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள்.

பியத்யோரச்கா, மாக்னீத் போன்ற கடைகளில் அரிசி, பருப்பு, முட்டை, கோழி, முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு எல்லாம் கிடைக்கும். 'கிரேச்கா' என்ற தானியத்தைப் பழகிக்கொண்டால் மாதச் செலவு குறையும். உப்புமா போலக் கிளறலாம். கேஃபிர் என்ற புளித்த பால் மோருக்குப் பதிலாகும். சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வழி: உணவகத்தில் 'போஸ்த்னயே' என்று கேளுங்கள். கிறித்தவ நோன்புக் காலத்துக்கான உணவு அது; இறைச்சியும் பாலும் முட்டையும் இருக்காது. மீன் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு

உக்ரைனோடு போர் 2022 பிப்ரவரியிலிருந்து நடக்கிறது. பெல்கரோத், கூர்ஸ்க், பிரியான்ஸ்க் ஆகிய எல்லைப் பகுதிகளில் படிப்பதற்கான இடத்தை, கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இப்போது நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கசான், தோம்ஸ்க் போன்ற நகரங்களும் நல்ல பல்கலைக்கழக நகரங்களே. கசான் பல்கலைக்கழகம் 1804இல் நிறுவப்பட்டது. தோம்ஸ்க் பல்கலைக்கழகத்தின் வயதும் ஒன்றரை நூற்றாண்டை நெருங்குகிறது.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பாதுகாவலர் வேலை, ராணுவ உதவியாளர் வேலை, அதிகச் சம்பளம், விரைவில் குடியுரிமை என்றெல்லாம் சொல்லி இந்திய இளைஞர்களை ரஷ்யப் படையில் சேர்த்துவிட்ட சம்பவங்கள் நடந்திருக்கின்றன. படிக்கச் சென்றவர்களும் அதில் சிக்கியிருக்கிறார்கள், உயிரிழப்புகளும் உண்டு. இந்திய வெளியுறவு அமைச்சகம் இது குறித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. புரியாத ரஷ்யத் தாளில், அது எவ்வளவு சாதாரணமாகத் தோன்றினாலும், மொழிபெயர்ப்பைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். முழுநேர மாணவர்கள் படிப்பு நேரம் போகப் பகுதிநேர வேலை செய்ய 2020லிருந்து தனி அனுமதி தேவையில்லை என்பது உண்மை; ஆனால் அந்தச் சம்பாத்தியத்தை நம்பிக் கட்டணம் கட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். போரைப் பற்றிப் பொது வெளியிலோ சமூக வலைத்தளத்திலோ கருத்துச் சொல்வதும், ராணுவ வாகனங்களையோ தாக்குதல் நடந்த இடங்களையோ படமெடுப்பதும் சட்டச் சிக்கலில் முடியும்.

அவசர எண் 112; ஆம்புலன்சுக்கு 103. மாஸ்கோவில் இந்தியத் தூதரகமும், செயின்ட் பீட்டர்ஸ்பர்கிலும் விளாதிவஸ்தோக்கிலும் துணைத் தூதரகங்களும் உள்ளன. கசானிலும் யெகாதெரின்பர்கிலும் புதிய துணைத் தூதரகங்கள் 2025 நவம்பரில் தொடங்கப்பட்டன. போய்ச் சேர்ந்த வாரத்திலேயே உங்கள் விவரத்தை அங்கே பதிவு செய்துவிடுங்கள்.

நாட்டுக்குள் பயணம்

விடுமுறையில் ஊர் சுற்ற ரயில்தான் சிறந்தது. 'பிளாட்ஸ்கார்ட்' என்பது நம் ஸ்லீப்பர் வகுப்புக்குச் சமம். 'கூப்பே' கதவுள்ள நாலு படுக்கை அறை. ஒவ்வொரு பெட்டியிலும் எப்போதும் வெந்நீர் கிடைக்கும். டிக்கெட்டில் உள்ள பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டோடு பொருந்த வேண்டும். ஏறும்போது நடத்துநர் பார்ப்பார். நாடு 11 நேர மண்டலங்களாகப் பிரிந்து கிடப்பதால் நேரத்தைக் கவனியுங்கள்: மாஸ்கோ நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும், தோம்ஸ்கோ ஒன்றரை மணி நேரம் முன்னே இருக்கும்.

புறப்படும் முன் விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள். வேறு நகரத்தில் ஓட்டலில் தங்கினால் ஓட்டல் உங்களை அங்கே பதிவு செய்யும். திரும்பியதும் விடுதி மறுபடியும் பதிவு செய்ய வேண்டும். கோடை விடுமுறைக்கு இந்தியா வந்து திரும்பும்போதும் இதே கதைதான்: எல்லையில் புதிய குடிபெயர்வு அட்டை, விடுதியில் புதிய பதிவு. விசா முடியும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பம் கொடுங்கள். அந்த வாரங்களில் பாஸ்போர்ட் அலுவலகத்தில்தான் இருக்கும் என்பதால் பயணம் எதையும் திட்டமிடாமல், பாஸ்போர்ட் அங்கே இருப்பதற்கான சான்றுச் சீட்டைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வாசலில் போலீஸ்காரர் ஆவணம் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான்.